இருதயத்துக்கு வழி திறந்த வைத்தியர்

இக்காலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் செல்வோர், அங்கு படுத்திருக்கும் நோயாளிகள் பலரின் கழுத்துப் பக்கத்திலோ, காறை எலும்பின் கீழோ, மெல்லிய குழாய் ஒன்று தோலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருப்பதைக் காண்பார்கள். டாக்டர்கள் அதை சென்ட்ரல் லைன் என்று அழைக்கிறார்கள். வெளியே தெரிவது அதன் வால் மட்டுமே. அதன் முனையோ, உடலின் அசுத்த ரத்தத்தைத் திரட்டிக் கொண்டு இருதயத்துக்குள் பாயும் பெருஞ்சிரையில் இருக்கிறது. கையிலுள்ள சிறு நாளங்களைப் புண்ணாக்கிவிடக்கூடிய கடுமையான மருந்துகளும், வாயால் உண்ண இயலாதவர்களுக்கு ஆகாரமும் அக்குழாயின் வழியாகவே செல்கின்றன. பெருஞ்சிரையில் ஓடும் ரத்தம் மிகுதியாகையால், மருந்து விழுந்த மாத்திரத்தில் கலந்து, தன் கடுமை தணிந்து, உடலெங்கும் பரவுகிறது. இக்குழாயினால் இன்று பிழைப்பவர்கள் எண்ணிறந்தவர்கள். இதனாலேயே கேடுற்றவர்களும் உண்டு.

இருதயம் வரையில் ஒரு குழாயைச் செலுத்தினால் மனிதன் சாகமாட்டான் என்பதைத் தன் உடலையே பணயமாக வைத்து எக்ஸ்ரே படத்தின் மூலம் நிரூபித்தவர் ஜெர்மனி தேசத்து வைத்தியரான வெர்னர் போர்ஸ்மான். அவருடைய சரித்திரத்தில் வியந்து போற்றத்தக்கவையும் உண்டு. வெறுத்து ஒதுக்கத்தக்கவையும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வைத்தியர்களுக்கு மட்டுமின்றி, பிறர் உயிரின்மீது அதிகாரம் வகிக்கும் அனைவருக்கும் பயன்படக் கூடிய பாடம் ஒன்று கிடைக்குமென்று நாம் கருதுகிறோம்.

போர்ஸ்மான் 1904-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை சட்டம் பயின்றவர். முதல் உலக யுத்தம் அவரைப் பலி கொண்டது. சிறுவனை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு வீட்டுப் பெண்டிரின் மீது விழுந்தது. 1922-ல் பெர்லின் சர்வகலாசாலையில் வைத்திய மாணவராகச் சேர்ந்து, 1929-ல் பரீட்சையில் தேறி, பெர்லினுக்கு வடகிழக்கேயுள்ள எபர்ஸ்வால்டே என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரியில் சஸ்திர சிகிச்சை பயில அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 25. பெயரோ, பணமோ, பெரிய ஆராய்ச்சிசாலையோ அவருக்கு இல்லை.

அவர் மனத்தை ஆட்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. அந்நாளில் ஆபரேஷன் மேஜைமீது நோயாளியின் இருதயம் திடீரென்று ஓய்ந்து போனால், டாக்டர்கள் நீண்ட ஊசி ஒன்றை மார்பின் வழியே நேராக இருதயத்துக்குள் குத்தி மருந்து செலுத்துவது வழக்கம். அவ்வூசி இருதயத்துக்கு ரத்தமளிக்கும் நாளத்தைக் கிழித்துவிடலாம், இருதய உறைக்குள் ரத்தம் கசிந்து தேங்கி இருதயத்தை நெரித்துவிடலாம், நுரையீரலையும் துளைத்துவிடலாம். உயிரைக் காக்கக் குத்திய ஊசியே உயிரை வாங்கவும் கூடும். இதைவிடப் பத்திரமான வழி இல்லையா என்பதே இளைஞர் போர்ஸ்மான் கேட்ட கேள்வி.

விடை அவருக்கு ஒரு சித்திரத்தில் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஷோவோ, மாரே என்ற இருவர், ஒரு குதிரையின் கழுத்து நாளத்தின் வழியே குழாயைச் செலுத்தி, இருதயத்தின் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்திருந்தார்கள். குதிரைக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. சிரைகள் யாவும் இருதயத்தை நோக்கியே செல்கின்றன. ஆதலால் குதிரையின் கழுத்திலிருந்து செல்லும் வழி, மனிதனின் முழங்கை மடிப்பிலிருந்தும் இருக்கத்தானே வேண்டும்! மார்பைக் குத்தாமல், ரத்தம் செல்லும் திசையிலேயே ஒரு மெல்லிய குழாயைப் போகவிட்டால் இருதயத்தை அடையலாம் என்று அவர் முடிவு செய்தார்.

தம் மேலதிகாரியான டாக்டர் ஷ்னைடரிடம் அவர் அனுமதி கேட்டார். ஷ்னைடர் அக்குடும்பத்துக்கு நண்பர், இளைஞரிடம் அன்புள்ளவர். ஆயினும் நோயாளிகளிடம் இதைச் செய்து பார்க்க அவர் சம்மதிக்கவில்லை. தன்மீதே செய்துகொள்வதாகச் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. இருதயத்தின் உட்சுவரை ஓர் அந்நியப் பொருள் தீண்டினால் அது நின்றுவிடும் என்ற அச்சம் அக்காலத்து வைத்தியர்களிடையே பரவியிருந்தது. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. குழாயின் முனை இருதயத்தின் கீழறையைத் தொட்டால் துடிப்பு தாறுமாறாவதை இன்றும் டாக்டர்கள் காண்கிறார்கள். ஆகவே ஷ்னைடரைக் கோழையென்று ஏசுவதற்கு நாம் தயாரில்லை.

போர்ஸ்மான் தடையை மீறினார். அவர் மீறிய விதத்தை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்னாளில் எழுதிய சுயசரிதையில் அவரே இதை விவரித்திருக்கிறார். ஆபரேஷனுக்கு வேண்டிய கருவிகள் வைக்கப்பட்டிருந்த அலமாரிக்குப் பொறுப்பாளர் கெர்டா டிட்ஸன் என்ற நர்ஸ். அவரது உதவியின்றிக் கருவிகள் கிடைக்கமாட்டா. போர்ஸ்மான் சில காலம் அவருடன் பேசிப் பழகித் தம் எண்ணத்தில் அவருக்கு ஆர்வம் உண்டாக்கினார். அந்த அம்மையார் பரீட்சைக்குத் தம்மையே அளிக்க முன்வந்தார். குறித்த நாளில் போர்ஸ்மான் அவரை மேஜைமீது படுக்க வைத்து, கை கால்களைக் கட்டினார். பிறகு, அம்மையாரின் கண்ணில் படாதபடி தம் இடது முழங்கை மடிப்பை மரக்கச் செய்து, தோலைக் கீறி, நாளத்தைத் திறந்து, சிறுநீரக நோய்களுக்காக ஏற்பட்ட ஒரு மெல்லிய குழாயைத் தமக்குள்ளேயே செலுத்தத் தொடங்கினார். குழாய் சிறிது தூரம் சென்றதும் கட்டை அவிழ்த்துவிட்டார். தாம் ஏமாற்றப்பட்டதை அந்த அம்மையார் அப்போதுதான் உணர்ந்தார்.

கையில் குழாய் தொங்க, இருவரும் படிகளில் இறங்கி எக்ஸ்ரே அறைக்குச் சென்றனர். நர்ஸ் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் கொள்ள, அதில் தெரிந்த எக்ஸ்ரே திரையின் பிம்பத்தைப் பார்த்தவாறே போர்ஸ்மான் குழாயை மேலும் உள்ளே தள்ளினார். 65 சென்டிமீட்டர் சென்றதும் அதன் முனை இருதயத்தின் வலது மேலறையில் தெரிந்தது. அதைப் படம் பிடிக்கச் செய்தார். இருதயம் நிற்கவில்லை. அவருக்கு வலியும் இல்லை. குழாய் செல்லும் வழியில் ஒருவித வெப்ப உணர்ச்சி மட்டுமே இருந்தது.

1929-ம் வருஷம் நவம்பர் மாதம் 5-ந் தேதி ஜெர்மன் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. அதில் அடங்கிய விஷயங்களில் இரண்டு, பின்னால் வரப்போவதற்கு முன்னறிகுறிகளாக இருந்தன. முதலாவது: சீழ் கொண்ட வயிற்று நோயினால் மரணத் தறுவாயில் இருந்த ஒரு நோயாளிக்கு அவர் இவ்வழியே குழாயைச் செலுத்தி, சர்க்கரை நீரையும் மருந்துகளையும் இருதயத்தருகே சேர்ப்பித்தார். நோயாளி சிறிது தேறியும் பிழைக்கவில்லை. எனினும் குழாய் சரியான இடத்தில் இருந்ததென்பது பிரேத பரிசோதனையில் உறுதியாயிற்று. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடைபெறும் சிகிச்சையின் பூர்வாங்கம் அதுவே. இரண்டாவது: தமக்குத்தாமே செய்துகொண்ட பரீட்சையினால் நேர்ந்த தீங்கு, கீறிய இடத்தில் உண்டான இலேசான அழற்சி ஒன்றே என்றும், தனியே செய்துகொண்டமையால் கிருமி நீக்கத்தைச் செவ்வனே கடைப்பிடிக்க முடியாமற் போனதே அதற்குக் காரணம் போலும் என்றும் அவர் எழுதினார். அதுவே பின்னாளில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்ற அபாயத்தின் முதல் அறிகுறி என்பதை அப்போது யாரும் உணரவில்லை.

கட்டுரை வெளியானதும் புகழ் வருமென்று எதிர்பார்த்த இளைஞருக்கு வசையே வந்தது. பெர்லின் சாரிட்டே ஆஸ்பத்திரியில், உலகப் பிரசித்தி பெற்ற சஸ்திர வைத்தியரான ஸாவர்புரூக்கின் கீழ் அவர் வேலைக்கு அமர்ந்திருந்தார். இத்தகைய வித்தைகள் சர்க்கஸ் கூடாரத்துக்கே ஏற்றவை என்று இகழப்பட்டு அவர் விலக்கப்பட்டார். இதே காரியத்தைத் தாங்கள் முன்பே செய்துவிட்டதாக வேறொரு பெர்லின் வைத்தியர் உரிமை கொண்டாடினார். அதற்கு ஆதாரமாக எக்ஸ்ரே படம் எதையும் அவர் காட்டவில்லை. போர்ஸ்மான் மனந்தளராமல் நாய்களிடம் பரீட்சைகள் நடத்தினார். எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தைத் தம் இருதயத்துக்குள்ளேயே செலுத்திப் படமெடுக்கவும் முயன்றார். 1931-ல் அதன் விவரங்களை வெளியிட்டார். அறிஞர் சபை அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மைன்ஸ் நகரில் எல்ஸ்பெத் எங்கல் என்ற பெண் வைத்தியரைச் சந்தித்து, 1933-ல் மணம் புரிந்தார். கணவனும் மனைவியும் ஒரே ஆஸ்பத்திரியில் ஊழியம் பார்க்கலாகாது என்ற விதியால் அவ்விடத்தையும் விட நேர்ந்தது. இருதய ஆராய்ச்சியைக் கைவிட்டு, மூத்திரக் கருவிகளின் வைத்தியத்தில் தேர்ச்சி பெறச் சென்றார்.

இனி அவருடைய வாழ்க்கையின் இருண்ட பகுதிக்கு வருகிறோம். 1932-ல், ஹிட்லர் அதிகாரத்துக்கு வருவதற்கு முன்னதாகவே, போர்ஸ்மான் நாஜிக் கட்சியில் அங்கத்தினரானார். யாரும் கட்டாயப்படுத்தாத காலம் அது. 1945-ல் அக்கட்சி அழியும்வரை அதில் இருந்தார். யுத்த காலத்தில் ராணுவ வைத்தியராகப் பணியாற்றி, மேஜர் பதவி வரை உயர்ந்து, முடிவில் அமெரிக்கரிடம் கைதியானார். கட்சித் தொடர்பு காரணமாகச் சில வருஷங்கள் வைத்தியத் தொழில் நடத்த அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. மரம் வெட்டிப் பிழைக்கவும் நேர்ந்தது. பிறகு கருங்காட்டுப் பிரதேசத்தின் ஒரு கிராமத்தில் மனைவியுடன் சேர்ந்து நாட்டுப்புற வைத்தியராக வாழ்ந்தார். 1950-ல் பாட் கிராய்ட்ஸ்னாக் என்ற ஊரில் மூத்திர நோய் நிபுணராக அமர்ந்தார்.

ஒருவர் செய்த நன்மைக்காக அவர் சேர்ந்த கூட்டத்தின் பாவத்தை மறைப்பது சரித்திரத்துக்குத் துரோகமாகும். நாஜி ஆட்சியில், வைத்தியப் பட்டம் பெற்றவர்கள் சிலர் சிறைப்பட்டோர்மீது கொடிய பரீட்சைகள் நடத்தினார்கள். 1947-ல் நியூரெம்பர்க் நீதிமன்றம் அவர்களுக்குத் தண்டனை விதித்தபோது, மனிதர்மீது நடத்தப்படும் பரீட்சைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தது. பரீட்சைக்கு உட்படுபவரின் மனப்பூர்வமான சம்மதம் இன்றியமையாதது என்பது முதல் விதி. மரணம் நேருமென்று எண்ண இடமுள்ள பரீட்சையை நடத்தலாகாது, பரீட்சை நடத்தும் வைத்தியர்களே தம்மையும் அதற்கு உட்படுத்திக் கொண்டால் ஒருவேளை விலக்கு உண்டு என்பது மற்றொரு விதி. போர்ஸ்மான் 1929-ல் ஆபத்தைப் பிறர் தலையில் சுமத்தாமல் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். அதுவரை அவர் பெருமை நிற்கும். பின்னர் அவர் ஆதரித்த கட்சியோ, ஆபத்து முழுவதையும் பேச்சற்றோர் தலையிலேயே சுமத்தியது. தம் உடலைப் பற்றித் துணிவாகச் சிந்தித்த அவர் அக்கட்சியைப் பற்றி அவ்வாறு சிந்திக்காமற் போனது அவருக்கு நீங்காத களங்கம்.

அவர் மறந்துவிட்ட ஆராய்ச்சியை மறவாதவர்கள் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் இருந்தார்கள். நியூயார்க் நகரின் பெல்வ்யூ ஆஸ்பத்திரியில் ஆந்திரே கூர்னான், டிக்கின்ஸன் ரிச்சர்ட்ஸ் என்ற இரு வைத்தியர்கள், ஜெர்மானிய இளைஞரின் பழைய கட்டுரையைப் படித்து, அதே முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அவர்கள் குழுவின் முதல் முடிவுகள் 1941-ல் வெளியாயின. இருதயத்தின் வலப்புற அறைகளில் ரத்தத்தின் அழுத்தம் எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு என்று அளந்து, இருதய நோய்களை உயிருள்ள மனிதரிடமே கண்டறியும் வழியை அவர்கள் உண்டாக்கினார்கள். 1956-ல் வைத்தியத்துக்குரிய நோபெல் பரிசு மூவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. சிற்றூரில் மூத்திர நோய் வைத்தியம் பார்த்துக் கொண்டிருந்தவர் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றார். 1958-ல் டுஸ்ஸல்டார்ப் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சஸ்திர சிகிச்சைத் தலைவரானார். இருதய விஞ்ஞானமோ அதற்குள் அவரை விட்டு வெகுதூரம் சென்றுவிட்டது. 1972-ல் சுயசரிதையை வெளியிட்டார். 1979-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி கருங்காட்டுப் பிரதேசத்து ஷாப்ப்ஹைம் என்ற ஊரில் இருதய நோயினாலேயே மரணமடைந்தார்.

நிற்க. அவர் திறந்த வழி பத்திரமான வழியாக எவ்வாறு மாறிற்று என்பதையும் கூறாவிடில் இச்சரித்திரம் முற்றுப்பெறாது. 1952-ல் ஓபனியாக் என்ற பிரெஞ்சு வைத்தியர், காறை எலும்பின் கீழேயுள்ள பெருஞ்சிரையை நேராக ஊசியால் குத்தி அடையும் முறையை வெளியிட்டார். அடுத்த வருஷமே ஸ்டாக்ஹோம் நகரில் ஸெல்டிங்கர் என்ற இளம் எக்ஸ்ரே நிபுணர், தமனிகளில் குழாய் செலுத்துவதற்காக ஓர் எளிய யுக்தியைக் கண்டுபிடித்தார். அதுவரை குழாய் நுழைய வேண்டுமானால் அதைவிடப் பருத்த ஊசியால் குத்தியாக வேண்டும். ஸெல்டிங்கரோ, மெல்லிய ஊசியால் குத்தி, அதன் துவாரத்தின் வழியே வளையக்கூடிய கம்பியை உள்ளே விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின்மேல் குழாயைக் கோத்துச் செலுத்தினார். பின்பு கம்பியையும் உருவினார். இன்று உலகெங்கும் பெருஞ்சிரைக்குள் குழாய் செலுத்துவதும் இம்முறையிலேதான். 1968-ல் அமெரிக்காவில் டட்ரிக் என்பவரும் அவருடைய சகாக்களும், வாயால் உண்ண முடியாதவர்களை இக்குழாயின் வழியாகவே நெடுநாள் போஷிக்க முடியுமென்று காட்டினார்கள். அதன்பின் குழாயின் உபயோகம் வெகு வேகமாகப் பரவிற்று.

உபயோகம் பரவவே அபாயங்களும் பெருகின. அவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். காறை எலும்பின் கீழ் ஊசி தவறினால் நுரையீரலின் உறை துளைபட்டு, அதனுள் காற்று புகுந்து, நுரையீரல் சுருங்கிவிடும். கழுத்தில் ஊசி தவறினால், சிரையை ஒட்டிச் செல்லும் தமனி குத்துப்படும். நோயாளி மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பினுள் அழுத்தம் குறைவதால், குழாயின் வாய் திறந்திருந்தால் வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு இருதயத்தை அடைத்துவிடக் கூடும். இதற்காகவே கழுத்தில் குழாய் செலுத்தும்போது நோயாளியின் தலையைத் தாழ்த்திப் படுக்க வைக்கிறார்கள். கம்பி கை நழுவி உடலுக்குள் போய்விட்ட சம்பவங்களும் உண்டு. ஆதலால் கம்பியின் ஒரு நுனியை விரல்கள் ஒருபோதும் விடலாகாது என்பதும், இறுதியில் கம்பி வெளியே வந்துவிட்டதைக் கண்ணால் கண்டு குறிக்க வேண்டுமென்பதும் விதியாயின. எந்த இடத்தில் குத்தினாலும் அதற்குரிய அபாயம் ஒன்று உண்டு. காறை எலும்பின் கீழ் கிருமி சேர்வது குறைவு, நுரையீரல் துளைபடுவது அதிகம் என்று 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டிற்று.

கண்ணுக்குத் தெரியாத நாளத்தைக் கைப்பழக்கத்தால் ஊகித்துக் குத்திய காலம் இப்போது மாறி வருகிறது. காதுக்கு எட்டாத ஒலி அலைகளைச் செலுத்தி, அவை எதிரொலித்து வருவதிலிருந்து நாளத்தையும் ஊசியையும் திரையில் காட்டும் கருவி வந்துவிட்டது. 2002-ல் இங்கிலாந்தின் அதிகார பூர்வமான வைத்திய நிலையம், கழுத்தில் குழாய் செலுத்துவோர் இக்கருவியையே நாடவேண்டுமென்று சிபார்சு செய்தது. செலுத்தி முடித்தபின் குழாயின் முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் வழக்கமாயிற்று. கையில் குழாயுடன் படியிறங்கிச் சென்ற போர்ஸ்மான் செய்ததும் அதுவேயன்றோ! அவர் துணிச்சலை மட்டும் கண்டு வியப்போர் இதை மறக்கலாகாது. செய்தது சரிதானா என்று சாட்சியம் தேடிப் போனமையாலேயே அவர் விஞ்ஞானியானார்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய அபாயம் ஊசியினால் வருவதன்று. தோலின்மீதுள்ள கிருமிகள் குழாயைப் பற்றிக் கொண்டு ரத்தத்தில் சேர்கின்றன. ரத்தம் விஷமாகி நோயாளி மடிகிறார். போர்ஸ்மானின் முழங்கையில் இலேசான அழற்சியாகத் தோன்றிய தீங்கு, தளர்ந்த நோயாளியிடம் எமனாக வருகிறது. இது பெருவியாதியின் விளைவு, தவிர்க்க முடியாதது என்று டாக்டர்கள் பல்லாண்டுகள் சமாதானம் சொல்லி வந்தார்கள். அந்தச் சமாதானத்தை உடைத்தது புது மருந்தோ புது யந்திரமோ அல்ல. ஒரு துண்டுக் காகிதம்.

2001-ம் வருஷத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் பீட்டர் புரோனவோஸ்ட் என்ற டாக்டர், குழாய் செலுத்துமுன் செய்யவேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதினார். பின்னர் மிச்சிகன் மாகாணம் முழுவதும் கையாளப்பட்ட ஐந்து விதிகள் இவை: கைகளைக் கழுவுக, நோயாளியைச் சுத்தமான விரிப்பால் முழுதும் மூடி, தொப்பியும் முகமூடியும் அங்கியும் கையுறையும் அணிக, தோலைக் குளோர்ஹெக்ஸிடின் மருந்தால் துடைக்க, கூடுமானவரை தொடையின் அடியில் குழாய் செலுத்தாது விடுக, தேவை தீர்ந்த குழாயை உடனே எடுத்துவிடுக. இவற்றில் எதுவும் எந்த டாக்டருக்கும் தெரியாததன்று. தெரிந்தும் தவறவிடுவதே நோய்.

ஆகவே அவ்விதிகளுடன் ஓர் அதிகாரமும் சேர்க்கப்பட்டது. டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால், அருகில் நிற்கும் நர்ஸ் வேலையை நிறுத்தும்படி சொல்லலாம். டாக்டர் எவ்வளவு பெரியவராயினும் நிறுத்தியாக வேண்டும். மிச்சிகனில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது நடைமுறைக்கு வந்தது. 2006-ல் முடிவு வெளியாயிற்று. ஆயிரம் நாள் குழாய் இருந்தால் சராசரி 7.7 பேருக்கு ரத்தத்தில் கிருமி சேர்ந்த நிலை மாறி, பதினாறிலிருந்து பதினெட்டு மாதங்களுக்குள் 1.4 ஆகக் குறைந்தது. மூன்று மாதங்களுக்குள்ளேயே, பாதிக்கு மேற்பட்ட பிரிவுகளில் அந்த எண் பூஜ்யமாயிற்று.

வாசகர்கள் இங்கே சற்று நின்று யோசிக்கவேண்டும். 1929-ல் எபர்ஸ்வால்டே ஆஸ்பத்திரியில் டாக்டர் தம் எண்ணத்தை நிறைவேற்ற நர்ஸின் கைகால்களைக் கட்டினார். தம்மைத் தடுக்கக் கூடியவர் அவ்வறையில் அவர் ஒருவரே என்பது டாக்டருக்குத் தெரியும். எழுபது வருஷங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குப் பின், அதே குழாயினால் சாவோரைக் காப்பாற்ற, தடுக்கும் அதிகாரத்தை அந்த நர்ஸின் கையிலேயே கொடுக்க வேண்டியதாயிற்று. கட்டப்பட்டிருந்த கைகள் அவிழ்ந்த பின்னரே போர்ஸ்மான் தேடிய பத்திரமான வழி கிடைத்தது. அவர் துணியாவிட்டால் வழியே திறந்திராது என்பது உண்மை. அந்தத் துணிவையே ஒவ்வொரு டாக்டரும் நாள்தோறும் கைக்கொண்டால் ஆஸ்பத்திரி மயானமாகும் என்பதும் அதற்குச் சமமான உண்மை. கண்டுபிடிப்பதற்கு ஒரு குணம் வேண்டும்; கண்டுபிடித்ததைக் கோடிப் பேருக்குத் தீங்கின்றி வழங்குவதற்கு வேறொரு குணம் வேண்டும்.

சட்டம் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. நீதிபதி எவ்வளவு மேதாவியாயினும், விசாரணை முறையை மீறித் தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. கைதியைக் காவலில் வைக்கும் உத்தரவு தானாக நீளுவதில்லை. குறித்த கெடுவுக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவந்து, காவல் ஏன் இன்னும் தேவை என்று காரணம் காட்டியாக வேண்டும். நோயாளியின் பெருஞ்சிரையிலுள்ள குழாய்க்கும் அதே நியாயம் பொருந்தும். இன்று காலையில் அது ஏன் தேவை என்பதற்கு டாக்டர் காரணம் காட்ட இயலாவிடில், மாலைக்குள் அதை எடுத்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிகளை நிர்வகிப்போருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். விதிகளைச் சுவரில் ஒட்டிவைத்தால் மட்டும் போதாது. டாக்டரை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுகளுக்கு எழுத்து மூலம் அளிக்க வேண்டும்; அவ்வாறு நிறுத்தியவரை யாரும் கடிந்துகொள்ளாதபடி காக்கவும் வேண்டும். நோயாளிகளின் உறவினர்களும் அஞ்சாமல், ஆனால் மரியாதையுடன், குழாய் இன்னும் தேவைதானா என்று நாள்தோறும் கேட்கலாம். கேள்வி கேட்பது டாக்டரின் கௌரவத்துக்குக் குறைவாகாது. போர்ஸ்மானே தம் தொழிலைத் தொடங்கியது, தம் மூத்தோர் செய்துவந்த ஒரு காரியத்தைவிடப் பத்திரமான வழி இல்லையா என்று கேட்ட கேள்வியிலிருந்துதான். அக்கேள்வியைக் கேட்கும் உரிமை நோயாளியின் அருகில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.